ஸ்விட்ச்டு கெபாசிட்டர் ஆம்ப்ளிஃபயரில் கெயினை எப்படிப் பார்ப்பது?

ஸ்விட்ச்டு கெபாசிட்டர் சர்க்யூட்டை, அதாவது கிளாக்குக்கு ஏற்ப ஆன், ஆஃப் ஆகும் ஸ்விட்ச்கள் கெபாசிட்டர்களில் சார்ஜை ஏற்றி மாற்றும் சர்க்யூட்டை வரைந்து, சாதாரண ஆம்ப்ளிஃபயர் மாதிரியே ஏசி அனாலிசிஸ் ஓட்டி, கெயின் பாதாளத்தில் கிடப்பதைப் பார்த்ததும் வயரிங்கில் தப்புத் தேட ஆரம்பிக்காதீர்கள். ஏசி அனாலிசிஸ் முதலில் ஒரு டிசி நிலையைப் பிடித்து, சர்க்யூட் அங்கேயே உறைந்து நிற்பதாக வைத்துத்தான் கணக்குப் போடும். அந்த நேரத்தில் ஆஃபில் இருக்கும் ஸ்விட்ச் அதற்கு எப்போதும் ஆஃப்தான். கன்னடியன் கால்வாயில் மடை அடைத்திருக்கும் நேரம் பார்த்து ஒரு போட்டோ எடுத்துவிட்டு, சேரன்மகாதேவி வயலுக்குத் தண்ணீரே பாயாது என்று சொல்கிற கதை.

இதற்கென்றே ஸ்பெக்டர் சிமுலேட்டரில் பிஎஸ்எஸ் (கிளாக்கோடு திரும்பத் திரும்ப வரும் நிலையைக் கண்டுபிடிப்பது), பிஏசி (அந்த நிலையைச் சுற்றி ஏசி அனாலிசிஸ்) இருக்கின்றன. ஆனால் அந்த லைசன்ஸ் கல்லூரி லேபோடு சரி, ராத்திரி பாளையங்கோட்டை ஹாஸ்டலில் கையில் இருப்பது எல்டிஸ்பைஸ் என்ற இலவச சிமுலேட்டர் போட்ட லேப்டாப்தான். அதனால் டிரான்சியன்ட், அதாவது நேரம் நகர நகர சர்க்யூட் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் வழியே போவோம்.

உள்ளே வரும் கெபாசிட்டர் 4 பிகோஃபாரட், ஃபீட்பேக்கில் 1, ஆம்ப்பின் இன்புட்டில் வேண்டாமலே ஒட்டிக்கொண்டிருக்கும் பாரசிட்டிக் கெபாசிட்டர் 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐடியல் கெயின் 4/1, அதாவது 4. ஃபீட்பேக் ஃபேக்டர், அதாவது அவுட்புட்டில் எவ்வளவு பங்கு இன்புட்டுக்குத் திரும்புகிறது என்பது, 1/(4+1+0.5) = 1/5.5, அதாவது 0.18. ஆம்ப்பின் டிசி கெயின் 1000 என்றால் இரண்டையும் பெருக்கி வரும் லூப் கெயின் 182தான், ஆகவே வர வேண்டியது 4/(1+1/182), அதாவது 3.978. இந்த எண்ணைப் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டுதான் சிமுலேட்டரைத் தொட வேண்டும்.

கிளாக் 1 மெகாஹெர்ட்ஸ், இன்புட்டைச் சாம்பிள் செய்யும் ரீசெட், ஆம்ப்ளிஃபை என்ற இரண்டு ஃபேஸுக்கும் நடுவில் 20 நானோசெகண்ட் இடைவெளி. இன்புட்டில் சைன் வேண்டாம், டிசி போதும். முதலில் 0, அப்புறம் 100 மில்லிவோல்ட் என்று இரண்டு தடவை ஓட்டுங்கள். ஆம்ப்ளிஃபை ஃபேஸ் முடிவதற்குச் சற்று முன்னால் அவுட்புட்டை எடுத்து, இரண்டையும் கழித்து 100 மில்லிவோல்ட்டால் வகுத்தால் அதுதான் கெயின். கழிப்பதால் ஆஃப்செட்டும், ஸ்விட்ச் ஆஃப் ஆகும்போது கெபாசிட்டரில் கொட்டும் சார்ஜில் (சார்ஜ் இன்ஜெக்‌ஷன்) சிக்னலைச் சாராத பகுதியும் தானாகப் போய்விடும். ஆவரேஜ் எடுத்துவிடாதீர்கள், ரீசெட் ஃபேஸில் அவுட்புட் பூஜ்யத்துக்குப் போவதால் கெயின் பாதிக்குப் பக்கமாகத் தெரியும். பிஏசியிலும் இதே வம்புதான், அங்கே அவுட்புட்டில் குறிப்பிட்ட கணத்தின் மதிப்பைப் பிடித்து வைக்கும் ஐடியல் சாம்பிள் ஹோல்டு ஒன்றை மாட்ட வேண்டும்.

எல்டிஸ்பைஸ் கணக்கில் எவ்வளவு பிழையை அனுமதிக்கலாம் என்று சொல்லும் ரெல்டால் டிஃபால்ட்டாக 0.1 சதவீதம். நாம் தேடுவதே 4க்கும் 3.978க்கும் உள்ள 0.55 சதவீதப் பிழையை! அதைப் பத்து லட்சத்தில் ஒன்றாக இறக்குங்கள், மேக்ஸிமம் டைம் ஸ்டெப்பை 1 நானோசெகண்ட் ஆக்குங்கள், ப்ளாட்வின்சைஸ் என்ற ஆப்ஷனைப் பூஜ்யமாக்குங்கள், இல்லையென்றால் எல்டிஸ்பைஸ் அலைவடிவத்தைச் சுருக்கித்தான் சேமிக்கும்.

எண் குறைவாக வந்தால் கிளாக்கைப் பாதியாக்கிப் பாருங்கள். கெயின் ஏறினால் ஆம்ப் செட்டில் ஆக நேரம் போதவில்லை என்று அர்த்தம். அசையவே இல்லையென்றால் டிசி கெயின்தான் பற்றவில்லை. ஆம்ப்பின் கெயின் பேண்ட்விட்த் 50 மெகாஹெர்ட்ஸ் என்றால், அதை ஃபீட்பேக் ஃபேக்டரால் பெருக்கிப் பார்த்தால், செட்டில் ஆகும் வேகத்தைச் சொல்லும் டைம் கான்ஸ்டன்ட் சுமார் 17.5 நானோசெகண்ட். 1 மெகாஹெர்ட்ஸில் கவலையே இல்லை, 10 மெகாஹெர்ட்ஸில் அதே 20 நானோசெகண்ட் இடைவெளி போக ஃபேஸுக்கு 30 நானோசெகண்ட்தான் மிச்சம், சுமார் 18 சதவீதம் போய்விடும்.

ஐடியல் ஆம்ப்பில் கணக்கு ஒத்துவந்த பிறகு டிரான்சிஸ்டர் ஆம்ப்பை வையுங்கள். அப்போது 200 மில்லிவோல்ட்டும் கொடுத்துப் பாருங்கள். 100க்கு வந்த கெயின் 200க்கு வரவில்லையென்றால், ஸ்விங் கூடும்போது அவுட்புட் டிரான்சிஸ்டர் நல்ல கெயின் தரும் நிலையான சாச்சுரேஷனை விட்டு வெளியே போகிறதா என்று முதலில் பாருங்கள்.