நிர்வாகம் கண்டுகொள்ளவில்லையா?
கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படியைச் செருப்பு அலமாரி, பழைய மெத்தை என்று அடைத்து வைத்திருந்தார்கள். தீப்பிடித்தால் பாட்டியை எப்படி இறக்குவது? நிர்வாகத்திடம் வாயால் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. அதனால் எழுத்தில் கொடுங்கள். தேதி தெரியும்படி படம் எடுத்து இணைத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். விதி மீறுபவருக்கு 200 ரிங்கிட் வரை அபராதம் போட நிர்வாகத்துக்குச் சட்டத்தில் இடமுண்டு, அதையும் குறிப்பிடுங்கள். அப்புறமும் அசையவில்லையா? அடுக்குமாடி நிர்வாகங்களைக் கண்காணிக்கும் மாநகர் மன்றத்தின் கட்டட ஆணையரிடம் புகார் செய்யலாம். அதற்கு மேல், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி போன்ற கூட்டுக் குடியிருப்பு) நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2,50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். கோபத்தில் பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பாக்கி இருந்தால் வீட்டு உரிமையாளர்களின் பொதுக்கூட்டத்தில் ஓட்டுப் போட முடியாது.