செட்டிநாட்டுப் பழைய வீட்டுக்கு ஓடு மாற்றுவது: ரீப்பர் அடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

காரைக்குடி பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில் இரண்டாம் கட்டுக் கூரையைப் பிரித்து, புது ஓடு போட்டு முடித்தாயிற்று. அதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். மேலே உள்ள மெட்ராஸ் டெரஸ் (செங்கல், சுண்ணாம்பு வைத்துக் கட்டிய தட்டைக் கூரை) தனிக் கதை, அதை இங்கே தொடவில்லை. முற்றத்தைச் சுற்றிய ஓட்டுச் சரிவு மட்டும்தான். முகட்டிலிருந்து சாய்வாக இறங்கும் மரம் கைமரம்; அதற்குக் குறுக்கே, ஓட்டின் கொக்கி மாட்டி உட்கார அடிக்கும் மெல்லிய சட்டம்தான் ரீப்பர்.

1. பங்காளிகள்

ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் இது. அறைகள் அவரவர் பங்கு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய இடமும்) எல்லாருக்கும் பொது. கூரைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஒருவர் பங்குக்கு மேல் இருக்கும் ஓட்டை மட்டும் மாற்றினால், பழையதும் புதுசும் சேரும் இடத்தில் கட்டாயம் ஒழுகும். அதனால் ஒரு சரிவை ஒரே வேலையாகப் பேசுங்கள். யார் எவ்வளவு என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆளுக்கொரு ஊரில் இருப்பவர்கள் படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு) கூடும்போது பேசிவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவரே பணம் கேட்கும்போது "எப்பப்பா பேசுனோம்?" என்பார்.

2. மாதம்

தை பிறந்ததும் ஆரம்பித்துப் பங்குனிக்குள் முடியுங்கள். ஆடிக் காற்றில் கூரையில் நிற்க முடியாது, ஐப்பசி கார்த்திகை மழையைச் சொல்லவே வேண்டாம். தை மாதமானாலும் ஒரு நேரத்தில் ஒரு சரிவைத்தான் பிரிக்க வேண்டும். தார்ப்பாய் கையில் இருக்கட்டும்.

3. மரம்

பர்மா தேக்குதானே, ஒன்றும் ஆகாது என்று விடாதீர்கள். நடுப்பகுதி இரும்பு போல நிற்கும், சுவருக்குள் புதைந்த நுனிதான் உளுத்துப் போயிருக்கும். ஒரு திருப்புளியை எடுத்துச் சுவரை ஒட்டிய இடத்தில் குத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் வார்னிஷ் பளபளவென்று இருந்த ஒரு கைமரத்தில் திருப்புளி பிடிவரைக்கும் இறங்கியது, இழுத்தபோது காபித்தூள் மாதிரி கொட்டியது.

மாற்று மரத்துக்குப் புது மரத்தைவிட இடித்த வீட்டுத் தேக்குதான் என் தேர்வு. ஆணி ஓட்டை இருக்கும், ஆனால் இனி முறுக்காது, வளையாது. காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் தூண், கதவு, கண்ணாடி என்று மனசு அலையும். பட்டியலோடு போங்கள்.

4. அளவு

தரையில் டேப் பிடித்து ஓட்டுக்கு ஆர்டர் கொடுக்கக் கூடாது. முகட்டிலிருந்து இறவாரம் (கூரையின் கீழ் விளிம்பு) வரை கைமரத்தின் மேலேயே அளக்க வேண்டும். 30 டிகிரிச் சரிவில் தரை அளவைவிடச் சுமார் 15 சதவீதம் கூடும். மங்களூர் ஓடு (அச்சில் அழுத்திச் செய்து, ஒன்றோடொன்று கோக்கும் தட்டை ஓடு) 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 140 பிடிக்கும். 30 அடி நீளம், 14 அடி கைமரம் என்றால் 420 சதுர அடி, 590 ஓடு. உடைவு, மூலை வெட்டு எல்லாம் சேர்த்து 650 வாங்குங்கள்.

நாட்டு ஓட்டை (கையால் செய்த சிறிய வளைவு ஓடு) எடுத்துவிட்டு மங்களூர் ஓடு போடுவதானால் சரிவையும் பாருங்கள். இரண்டடிக்கு ஓரடியாவது ஏற்றம் வேண்டும். குறைந்தால் காற்றடித்த மழை ஓட்டுக்கு அடியில் ஏறிவிடும். அப்படிப்பட்ட சரிவில் நாட்டு ஓட்டையே திரும்ப அடுக்குங்கள்.

5. ரீப்பர் இடைவெளி

எங்கள் வேலை நின்றது இங்கேதான். பழைய ரீப்பர் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஓட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால் 1865-ல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன் மங்களூரில் தொழிற்சாலை போட்ட காலம் தொட்டு எத்தனையோ சூளைகள் வந்துவிட்டன, ஒவ்வொன்றுக்கும் அச்சு வேறு. எல்லாம் மங்களூர் ஓடுதான், ஆனால் ஒன்றின் பள்ளம் இன்னொன்றில் உட்காராது. அரை அங்குல வித்தியாசம் 14 வரிசையில் 7 அங்குலம் ஆகிறது. இடைவெளி கூடினால் ஓட்டின் மேல் ஓடு ஏறும் அளவு குறைந்து ஒழுகும். குறைந்தால் ஓடு மூக்கைத் தூக்கும்.

எங்கள் ஆசாரி சொன்னது: "தம்பி, முதல்ல ஓட்டக் கொண்டாந்து போடுங்க. அப்புறம் ரீப்பரப் பேசுவோம்."

செய்முறை இதுதான். வந்த லோடிலிருந்து 12 ஓட்டை எடுத்துத் தரையில் கவிழ்த்து ஒரே வரிசையாகக் கோத்து வையுங்கள். நன்றாக நெருக்கித் தள்ளி, முதல் ஓட்டின் கொக்கியிலிருந்து 11-வது ஓட்டின் கொக்கி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு முடிந்தவரை இழுத்து விட்டு அதே அளவை எடுங்கள். இரண்டையும் கூட்டி, பாதியாக்கி, 10-ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் ரீப்பர் இடைவெளி. பெரும்பாலும் 12½ அங்குலத்தை ஒட்டி வரும். அந்த அளவுக்கு ஒரு குச்சியை வெட்டி ஆசாரி கையில் கொடுத்துவிடுங்கள், ஒவ்வொரு வரிசைக்கும் டேப் வேண்டாம்.

6. முற்றத்து மூலைகள்

இரண்டு சரிவு கூடும் நான்கு பள்ளங்களில்தான் மொத்தக் கூரைத் தண்ணீரும் இறங்குகிறது. கனமான ஜிஐ தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) போடுங்கள், அகலம் இரண்டடிக்குக் குறைய வேண்டாம். அலுமினியம் மலிவாகத் தெரியும். ஈரச் சுண்ணாம்பும் சிமெண்டும் பட்டால் அது அரித்துப் போகும். வெட்டிய ஓட்டை இரண்டு பக்கமும் நிறுத்தி நடுவே நாலு விரல் அகலமாவது திறந்திருக்கட்டும். கொத்தனார் அழகுக்காகப் பூசி அடைக்க வருவார், விடாதீர்கள்.

முகட்டு ஓட்டுக்குச் சுண்ணாம்புக் காரைதான். வெறும் சிமெண்ட் வைத்தால் பின்னால் ஒரு ஓட்டை எடுக்க நாலை உடைக்க வேண்டும்.

பின்சேர்க்கை: குன்றக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர், மயில் வந்து உட்கார்ந்தே ஓடு நகர்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். முகட்டை ஒட்டிய வரிசையையும் இறவார வரிசையையும் செம்புக் கம்பியால் ரீப்பரோடு கட்டிவிடுங்கள். நடு வரிசைகளைக் கட்ட வேண்டாம், உடைந்த ஓட்டை மாற்றுவது கஷ்டமாகிவிடும். பழைய ஓட்டில் நல்லதாக ஒரு ஐம்பதைத் தனியே எடுத்துப் பின்கட்டில் அடுக்கி வையுங்கள். மாற்றாத சரிவுகளுக்குப் பொருந்தும் ஓடு இனி கடையில் கிடைக்காது.