மோரிஸ் மைனர் டிரம் பிரேக்: பெடல் கீழே இறங்கினால்

பிரேக் பாதி இறங்கித்தான் பிடிக்கிறதா? உடனே இன்னொரு முறை மிதியுங்கள். இரண்டாவது மிதியில் பெடல் மேலேயே நின்றால் ஷூ (டிரம்மின் உள்சுவரை அழுத்தி நிறுத்தும் வளைந்த துண்டு) தேய்ந்து டிரம்மை விட்டு விலகியிருக்கிறது. அட்ஜஸ்ட் செய்தால் சரியாகும். பஞ்சுபோல் அமுங்கினால் பைப்பில் காற்று. மிதித்த கால் மிதித்தபடி இருக்க, பெடல் மெல்ல இறங்கினால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர் (மிதியை எண்ணெய் அழுத்தமாக்கும் பாகம்) ரப்பர் போய்விட்டது. இந்த இரண்டுக்கும் அட்ஜஸ்டரைத் திருகிப் பயனில்லை.

மலேசியாவின் தாப்பா போன்ற ஊரில் இந்த வண்டிக்கு இரண்டு சோதனை. ஒன்று தோட்டத்துச் செம்மண். இன்னொன்று கேமரன் மலையிலிருந்து இறங்கும் வளைவுகள்.

சிமெண்டுத் தரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் விட்டிருக்க வேண்டும். ஜேக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். ஹப் கேப்பைக் கழற்றி, ரப்பர் மூடியை எடுத்து, டிரம்மிலுள்ள ஓட்டைக்கு நேரே அட்ஜஸ்டர் தலை தெரியும்வரை சக்கரத்தைச் சுற்றுங்கள். டார்ச் அடித்தால் திருப்புளிக்கான வெட்டு தெரியும்.

முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு அட்ஜஸ்டர், பின்சக்கரத்தில் ஒன்று. முன்னால் ஒன்றை முடித்துவிட்டு இரண்டாவதை மறப்பதுதான் வழக்கமான தவறு; அப்புறம் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கடிகாரச் சுற்றில் திருகுங்கள், சக்கரம் பூட்டிக்கொள்ளும். பெடலை நன்றாக ஒருமுறை மிதித்தால் ஷூ நடுவில் உட்காரும். மறுபடி இறுக்கிப் பாருங்கள். பிறகு ஒரே ஒரு 'டக்' கேட்கும்வரை எதிர்ச்சுற்றில் தளர்த்துங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது லேசாக உரசும் சத்தம் கேட்டால் கவலை வேண்டாம். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் இறுகினால் டிரம் வட்டம் கெட்டுவிட்டது, கடைசலுக்குப் போக வேண்டும். ‘டைட்டாக இருந்தால் நல்லது’ என்று அந்த ஒரு 'டக்'கை விடாமல் ஓட்டினால், மலையிறக்கத்தில் டிரம் கொதித்து பிரேக்கே பிடிக்காமல் போகும்.

அட்ஜஸ்டர் அசையவில்லையா? முரட்டுத்தனம் வேண்டாம், வெட்டு பிய்ந்துவிடும். டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ரப்பர் மூடி தொலைந்த வண்டியில் பெரும்பாலும் செம்மண்தான் அடைத்திருக்கும். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் (ஷூ மேலுள்ள உரசும் பட்டை) நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடையுங்கள். பின் லைனிங்கில் எண்ணெய் ஊறியிருந்தால் ஆக்ஸில் சீல் ஒழுகுகிறது. சீலோடு இரண்டு பக்க ஷூவையும் மாற்றுங்கள். 1962 முதல் வந்த 1098 சிசி எஞ்சின் வண்டிக்கு முன் டிரம் 8 அங்குலம், அதற்கு முந்தியவற்றுக்கு 7. கடையில் சொல்லி வாங்குங்கள்.

ஹேண்ட்பிரேக் கேபிளைக் கடைசியில்தான் தொட வேண்டும். முதலில் கேபிளை இழுத்துவிட்டால் பின் ஷூ விலகவே விலகாது.

பிரேக் எண்ணெய் ஊற்றும் வாய் டிரைவர் காலடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கிறது. திறப்பதற்கு முன் சுற்றிலும் துடையுங்கள், ஒரு துளி மண் விழுந்தாலும் ரப்பர் கீறிவிடும்.

முடிந்ததும், ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டி பிரேக் பார்த்துவிட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல் நாலு கிலோமீட்டர் போய் வாருங்கள். நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அதில் இன்னும் ஒரு 'டக்' விடுங்கள்.