கீமோ நாட்களில் தலையில் மூலிகை தடவும் முன்

புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றும் வார்டில் செவிலியராக இருப்பதால், முதல் சுற்று முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் முடி கொட்டுவதற்காகத் தலையில் என்னென்ன தடவினார்கள் என்பதை அடுத்த சுற்றில் பார்த்துவிடுகிறேன். பெரும்பாலும் ஒரே தவறுகள்தான்.

வெங்காயச் சாறு

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. இரண்டாவது கீமோவுக்கு வந்த ஒரு அக்கா தலைத்துணியை அவிழ்த்தார். காதுக்கு மேலே தோல் சிவந்து, நகம் பட்ட இடமெல்லாம் சின்னச் சின்னப் புண், நீர் வடிந்து காய்ந்த பொருக்கு. தினமும் வெங்காயச் சாறும் இஞ்சிச் சாறும் தேய்த்திருக்கிறார். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று யாரோ சொன்னார்களாம். புண்ணில் கிருமி தொற்றியிருந்ததால் அன்றைய கீமோவையே தள்ளிப்போட வேண்டியதாயிற்று.

கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களில் வெள்ளணுக்கள் பொதுவாக மிகவும் குறைந்திருக்கும். முடி கொட்டத் தொடங்குவதும் பெரும்பாலும் 2, 3 வாரங்களில்தான். கை அடிக்கடி தலைக்குப் போகும் நாட்களும் உடம்பு கிருமியை எதிர்க்கத் திணறும் நாட்களும் ஒட்டியே வருகின்றன. அப்போது பச்சையாக அரைத்த சாற்றைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கலாமா? காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆய்வு இருக்கிறதே என்பார்கள். 2002இல் வந்த வெங்காயச் சாறு ஆய்வு புழுவெட்டுக்கானது. 2015இல் வந்த ரோஸ்மேரி எண்ணெய் ஆய்வு பரம்பரை வழுக்கைக்கானது. கீமோவில் நடப்பதே வேறு. வேகமாகப் பிரியும் வேர்க்கால் செல்களை மருந்து ரத்தத்தின் வழியே போய்த் தாக்குகிறது. தலையைக் குளிர்விக்கும் தொப்பி பலருக்கு உதவுவதற்கு முக்கியக் காரணமே, அது அங்கே ரத்த ஓட்டத்தைக் குறைப்பதுதான். அப்புறம், ரத்த ஓட்டத்தைத் தூண்டும் என்று விற்கிற எண்ணெயை மருந்து ஏறும் நாளில் தேய்ப்பது எதற்கு?

நறுமண எண்ணெயை (எசென்ஷியல் ஆயில்) எதிலும் கலக்காமல் நேராகத் தடவுவது

வேண்டாம். தோல் வெந்துபோகலாம்.

கதிர்வீச்சு படும் இடம்

சிகிச்சைக் குழுவைக் கேட்காமல் ஒரு சொட்டுகூட வைக்காதீர்கள்.

"எண்ணெய்தானே" என்று சொல்லாமல் விடுவது

பாட்டிலையே கையோடு கொண்டு வாருங்கள். மேல்சீட்டில் எழுதாத ஸ்டீராய்டு கலந்த "மூலிகை" க்ரீம்களும் உண்டு. தலை வறண்டு இழுத்தால் மணமில்லாத மாய்ஸ்சரைசர், குளிக்க மென்மையான ஷாம்பு போதும். முடி திரும்ப வளரும் காலத்தைச் சுருக்க, தலையில் தடவும் மினாக்சிடில் என்ற மருந்து சிலருக்கு உதவலாம். அது செடியிலிருந்து வருவதில்லை, அதையும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்குங்கள்.