லைப்போசக்‌ஷன்: வீட்டுக்கு வந்த பிறகும் தொடரும் ஆபத்தும், தவிர்க்க வேண்டிய தவறுகளும்

"காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்." உடம்பில் இருக்கும் கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் பற்றி விசாரிக்கிறவர்கள் காதில் முதலில் விழுவது பெரும்பாலும் இதுதான். இது பொய்யில்லை. சின்ன அளவில் செய்யும்போது பலரும் அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். ஆனால் வீடு திரும்பியதோடு ஆபத்து முடிந்துவிடுவதில்லை. இந்தச் சிகிச்சையில் உயிரைப் பறிக்கக்கூடிய சிக்கல்களில் பல அன்று ராத்திரியிலும் அடுத்த சில நாட்களிலும்தான் தலைகாட்டும். அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் எடுத்து 2000இல் வெளியிட்ட ஒரு கணக்கெடுப்பு, 1990களில் நடந்த ஏறக்குறைய 5 லட்சம் லைப்போசக்‌ஷன்களைப் பார்த்தது. சுமார் 5,200 பேரில் ஒருவர் இறந்திருந்தார். அந்த மரணங்களில் பல, வீட்டுக்கு அனுப்பிய முதல் இரவில் நடந்தவை.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கவனமாகச் செய்தால் இது பாதுகாப்பான அறுவை சிகிச்சைதான். அந்தக் கவனம் எங்கெங்கே நழுவுகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதல் தவறு, உடம்பைக் குறைக்கும் வழியாக இதை நினைப்பது. கான்யூலா என்ற மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை மட்டும்தான். விரலால் கிள்ளினால் பிடிபடுகிறதே, அது. குடலையும் ஈரலையும் சுற்றிப் படிந்து சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவகுக்கும் உள்கொழுப்பைக் குழாய் தொடவே தொடாது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில் உடல் பருமன் உள்ள 15 பெண்களின் வயிற்றிலிருந்து பெருமளவு கொழுப்பை எடுத்துவிட்டு, இரண்டரை மாதம் கழித்துப் பரிசோதித்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் விதத்திலோ ரத்த அழுத்தத்திலோ கொலஸ்ட்ராலிலோ மாற்றமே இல்லை. சாப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் கரையாமல் ஓரிடத்தில் தங்கிவிட்ட கொழுப்பைச் செதுக்குவதற்கு உரிய சிகிச்சை இது. எடை குறைய வேண்டும் என்று போகிறவர்தான் "இன்னும் கொஞ்சம் எடுங்கள்" என்று கேட்பார். அந்த 'இன்னும் கொஞ்சம்' மெதுவாக ஆபத்தான அளவுக்குக் கொண்டுபோய்விடும்.

அந்த அளவுக்கு ஒரு கோடு இருக்கிறது. ஒரே தடவையில் வெளியே எடுக்கும் கொழுப்பும் திரவமும் சேர்ந்து 5 லிட்டரைத் தாண்டினால் அதைப் பெரிய அளவு லைப்போசக்‌ஷன் என்று கணக்கிடுவார்கள். அதை முழு வசதியுள்ள மருத்துவமனையில் செய்து, குறைந்தது ஒரு ராத்திரியாவது படுக்கவைத்துக் கண்காணிக்க வேண்டும். ஏற்றிய திரவம், எடுத்த திரவம், போன சிறுநீர் மூன்றையும் கணக்குப் பார்க்காமல் விட்டால், ஒரு பக்கம் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், மறுபக்கம் ரத்த அழுத்தம் விழுந்துவிடலாம்.

இனி நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று பெரும்பாலும் செய்யப்படும் முறைக்கு அடித்தளம் போட்டவர் ஜெஃப்ரி கிளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர். காலம் 1980களின் நடுப்பகுதி. லிட்டர் கணக்கில் சலைன் என்ற உப்பு நீரை எடுத்து, அதில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயினையும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினையும் கலந்து கொழுப்பு அடுக்குக்குள் ஏற்றுவார்கள். தோல் விறைத்துப் பளபளக்கும் அளவுக்கு அந்த இடம் உப்பிவிடும். அதன் பிறகுதான் குழாய் உள்ளே போகும். முன்பெல்லாம் பெருமளவு எடுக்கும்போது ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை இருந்தது. அதை அடியோடு குறைத்தது இந்த முறைதான்.

இதில் கணக்கு பிசகினால்தான் வினை. அட்ரினலின் சேர்ந்த லிக்னோகெயினுக்கு வழக்கமான உச்ச வரம்பு, எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். நீர்த்த கலவையாகக் கொழுப்புக்குள் மெதுவாக ஏற்றும்போது உடம்பு இதைவிட அதிகம் தாங்கும் என்பதால் கிளைன் 35 வரை போகலாம் என்றார். 55 வரை அனுமதிக்கும் வழிகாட்டுதல்களும் உண்டு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 35 என்று வைத்தால் 2,100 மில்லிகிராம். ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் கலந்திருந்தால் 4 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே ஏற்றலாம். அதே லிட்டரில் 1,000 கலந்திருந்தால் 2 லிட்டர் தாண்டியதுமே வரம்பு வந்துவிடும். தொங்கும் பைகளைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெளிந்த நீர்தான். பையின் மேல் எழுதி ஒட்டிய சீட்டுதான் வித்தியாசம் சொல்லும். வயிறு, இடுப்பு, தொடை, கை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று ஆசைப்பட்டால் பைகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும்.

அந்த மருந்து கொழுப்பிலிருந்து ரத்தத்துக்கு மெதுவாகத்தான் கசிந்து வரும். ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொட ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகலாம். காலை 11 மணிக்கு ஏற்றியதன் உச்சம் ராத்திரி 11 மணிக்கு, உங்கள் வீட்டுக் கட்டிலில் வரும். உதட்டைச் சுற்றி மரமரப்பு, காதில் ரீங்காரம், நாக்கில் உலோகச் சுவை, குழறும் பேச்சு, காரணமில்லாத பதற்றம் அல்லது அளவுக்கு மீறிய தூக்கம். இவை மருந்து மிஞ்சிப்போனதன் ஆரம்பக் குறிகள். அடுத்தது வலிப்பு, அதற்கும் அடுத்தது இதயம் நின்றுபோவது. "அசதியாக இருக்கும், தூங்கட்டும்" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போவது எவ்வளவு பெரிய தவறு என்பது இப்போது புரிந்திருக்கும். இந்த நஞ்சுக்கு 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் என்ற மருந்து உண்டு, ரத்த நாளம் வழியாக ஏற்றுவார்கள். சிகிச்சை செய்யும் இடத்தில் அது கையிருப்பில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். பதில் வரும் விதத்திலேயே அந்த இடத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

இதோடு ஒட்டியே வருகிறது மருந்துகளை மறைக்கும் தவறு. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் கீட்டோகோனசோல் போன்றவை லிக்னோகெயினை ஈரல் வெளியேற்றுவதைத் தாமதப்படுத்தும். ஆஸ்பிரின், ஐபூபுரூஃபென், வைட்டமின் இ, மீன் எண்ணெய் மாத்திரை ஆகியவை ரத்தக் கசிவைக் கூட்டலாம். கருத்தடை மாத்திரை ரத்தம் உறையும் வாய்ப்பை அதிகமாக்கும். எடை குறைக்க செமாகுளூட்டைட் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு வயிறு மெதுவாகக் காலியாகும். பட்டினி கிடந்தும் வயிற்றில் உணவு தங்கியிருந்து, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகலாம். இதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். எதையும் தானாக நிறுத்தவும் கூடாது. பட்டியலைக் கையில் கொடுத்து, எதை எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். புகை பிடிக்கிறவர்கள் நான்கு வாரம் முன்னும் நான்கு வாரம் பின்னும் நிறுத்தத்தான் வேண்டும்.

"ஒரு பகுதிக்குப் பணம் கட்டினால் இன்னொரு பகுதி இலவசம்" என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஒரே மயக்கத்தில் பல அறுவைகளைச் சேர்ப்பது சேமிப்பே அல்ல. 2001இல் வெளியான மற்றொரு கணக்கெடுப்பில், தனியாக லைப்போசக்‌ஷன் மட்டும் செய்துகொண்டவர்களில் இறந்தவர் சுமார் 47,000 பேரில் ஒருவர். தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டித் தைக்கும் அறுவையையும் சேர்த்துச் செய்துகொண்டவர்களிலோ சுமார் 3,300 பேரில் ஒருவர்.

யார் செய்கிறார், மயக்க மருத்துவர் கடைசிவரை கூடவே இருப்பாரா, ஏதாவது ஆனால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் நேரான பதில் வராத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். சுவரில் மாட்டிய சான்றிதழ் எதற்கான பயிற்சிக்கு என்று நின்று வாசித்துப் பாருங்கள்.

வயிற்றில் பழைய ஆபரேஷன் தழும்போ குடலிறக்கமோ இருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே காட்டிவிட வேண்டும். கான்யூலாவின் முனை மழுங்கியதுதான். ஆனாலும் பலவீனமான இடத்தில் வயிற்றுச் சுவரைத் தாண்டிப் போய்க் குடலைத் துளைத்த சம்பவங்கள் உண்டு. அப்படி ஆகும்போது முதல் நாள் வெறும் வலியாகத்தான் தெரியும்.

அதனால்தான் எந்த வலி இயல்பு, எது இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். கன்றிப்போவது, வீங்குவது, மரத்திருப்பது, முதல் ஓரிரு நாள் துளைகளிலிருந்து இளஞ்சிவப்பு நீர் கசிந்து துணி நனைவது, இவையெல்லாம் இயல்பு. நாளுக்கு நாள் வலி குறைய வேண்டும். குறையாமல் கூடிக்கொண்டே போனால், அதோடு காய்ச்சலும் வயிறு கல் மாதிரி இறுகுவதும் சேர்ந்தால், குடலைச் சந்தேகிக்க வேண்டும். தோல் கருநீலமாக மாறி, தொட்டால் உயிர் போகிற மாதிரி வலித்தால் அது வேகமாகப் பரவும் தொற்றாக இருக்கலாம். விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அது நுரையீரலுக்குப் போனால் திடீரென்று மூச்சு முட்டும், நெஞ்சு குத்தும். முதலில் சொன்ன கணக்கெடுப்பில் மரணத்துக்கு முதன்மைக் காரணம் இதுதான். முதல் மூன்று நாட்களுக்குள் மூச்சுத் திணறலோடு மனக்குழப்பமும், நெஞ்சிலும் அக்குளிலும் சிவப்புப் புள்ளிகளும் வந்தால் கொழுப்புத் துணுக்குகள் ரத்தத்தில் கலந்திருக்கலாம்.

ஆகவே படுத்தே கிடப்பதும் தவறு. அன்று மாலையே மெதுவாக எழுந்து நடக்க வேண்டும். வெளியூரில் செய்துகொண்டு இரண்டாம் நாளே நீண்ட விமானப் பயணம் போவது கெண்டைக்கால் ரத்தக்கட்டியை வா வா என்று அழைப்பதுதான். வீக்கத்தைக் கட்டுப்படுத்த அணியும் இறுக்கு உடையை எத்தனை வாரம் போட வேண்டும் என்று மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். அது மடிந்து சதையை வெட்டிக்கொண்டிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். வீக்கம் வடிந்து உருவம் நிலைக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். மூன்றாம் வாரமே கண்ணாடி முன்னால் நின்று அழுதுவிட்டு, மறுபடி ஒரு தடவை எடுக்கச் சொல்லிக் கேட்பதும் வேண்டாம்.

கடைசியாக, அதிகம் யாரும் பேசாத தவறு: வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் செய்துகொள்வது. கேலி செய்வார்களோ, திட்டுவார்களோ என்ற கூச்சம் புரிகிறது. ஆனால் முதல் ராத்திரி உங்கள் பேச்சு குழறினால், அது ஏன் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லி, முதல் 24 மணி நேரம் கூடவே இருக்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் ஒரு தாளில் எழுதி வாங்கி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்: எந்தெந்தப் பகுதி, எத்தனை மணிக்கு முடிந்தது, மொத்தம் எத்தனை மில்லிகிராம் லிக்னோகெயின், எத்தனை லிட்டர் எடுத்தார்கள், ராத்திரியில் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண். அவசர சிகிச்சைப் பிரிவில் உள்ள மருத்துவர் முதலில் கேட்பதும் இதைத்தான்.