புது எலெக்ட்ரிக் கிட்டார்: திருப்பிக் கொடுப்பதா, திருகினால் போதுமா?

புதுக் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் வாசிக்கத்தான் கை பரபரக்கும். அரை மணி நேரம் பொறுங்கள். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் எது திருகினால் சரியாகும், எது ஆகாது என்று பார்த்துவிடலாம். ஆரம்பத்தில் பலரும் வாங்கும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையை வைத்தே சொல்கிறேன்.

முதல் வேலை ட்யூனிங். கம்பி தளர்ந்திருக்கும்போது நெக்கை, அதாவது கிட்டாரின் நீண்ட கழுத்தை, பார்ப்பது வீண். அப்புறம் ஆறாவது கம்பியை (எல்லாவற்றிலும் தடித்தது) ஒரு கையால் முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கீற்று), மறு கையால் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். கால் மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன், இருந்தால் நல்லது. கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் கவலை இல்லை; நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் மெதுவாகத் திருப்பிச் சரிசெய்யலாம். நெக் முறுக்கியிருந்தால்தான் வம்பு. பாடியில் கம்பிகள் உட்காரும் பிரிட்ஜ் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நோக்குங்கள். ஃப்ரெட்டுகள் ஏணிப்படி மாதிரி இணையாகத் தெரியாவிட்டால் யோசிக்கவே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது ஃப்ரெட். ஏடிஎம் கார்டைக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி, மூன்று ஃப்ரெட்டுகள் மேல் மட்டும் படும்படி வையுங்கள். தலைப்பக்கம் கார்டின் நீள விளிம்பு, பாடிப் பக்கம் குட்டை விளிம்பு. கார்டு டக் டக்கென்று ஆடினால் நடு ஃப்ரெட் தூக்கியிருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் கடையிலேயே சரிசெய்யச் சொல்லலாம். பல இடத்தில் ஆடினால் வேறு கிட்டார் கேளுங்கள். நெக் ஓரத்தில் பழைய சாக்ஸை ஓட்டிப் பாருங்கள், நூல் மாட்டினால் ஃப்ரெட் முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. மரம் காய்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால் வருவது. அரம் போட்டால் போய்விடும்.

ஓரக் கம்பி ஏதாவது நெக் விளிம்பை விட்டு நழுவுகிற மாதிரி இருந்தால், நெக் சற்றே சாய்ந்து பொருந்தியிருக்கலாம். கம்பியைத் தளர்த்தி, பின்னாலுள்ள நாலு திருகையும் லேசாக இளக்கி நகர்த்தினால் சரி.

இப்போது ஆம்பில் செருகி, சத்தத்தைக் குறைத்து வைத்து, ஸ்விட்சை ஒவ்வொரு நிலையாக மாற்றிக்கொண்டே பிக்கப்புகளை (கம்பியின் அதிர்வை வாங்கி ஆம்புக்கு அனுப்பும் காந்தப் பகுதிகள்) ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் தட்டுங்கள். எது வேலை செய்கிறது என்று காதே சொல்லும். சிங்கிள் காயில் (ஒரே சுருள் உள்ள) பிக்கப்பில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் இயல்பு, அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஜாக்கில், அதாவது கிட்டாரில் வயர் செருகும் துளையில், வயரை அசைத்தால் கரகரக்கிறதா? என் முதல் கிட்டாரில் வெளியிலிருந்தே நட்டை முறுக்கினேன். உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுழன்று ஒயர் அறுந்தது. மூடியைக் கழற்றி, ஜாக்கை விரலால் பிடித்துக்கொண்டுதான் இறுக்க வேண்டும்.