ஒரு சமூகத்தின் வரலாற்றைப் படமெடுக்க நிதி கேட்பது எப்படி? முதன்முறை விண்ணப்பிப்போருக்கான செய்முறை விளக்கம்

ஒரு சமூகம் தன்னை யாராகக் கருதுகிறது, எங்கிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறது என்பதைப் படங்களாகப் பதிவு செய்யும் புகைப்படக் கலைஞர்களுக்கு நல்கை, அதாவது நிதியுதவி, வழங்கும் அறக்கட்டளைகள் பல உள்ளன. சமூகம் என்று இங்கே நான் சொல்வது பிறப்பால் அமைந்த குழுவை மட்டுமன்று. ஒரே ஆலையில் உழைத்து ஓய்ந்தவர்கள், ஒரே மொழி பேசும் புலம்பெயர்ந்தோர், அணைக்காக ஊரை இழந்தவர்கள் ஆகிய எல்லோரும் அதில் அடங்குவர். நல்கை கேட்பதில் மிகக் கடினமான வேலை விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது என்றே புதியவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் படிவம் கடைசி வேலை. அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் நடுவர்கள் அதில் தேடுகிறார்கள்.

முதல் படி: தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

"இடம்பெயர்ந்த மக்களின் வாழ்வும் பண்பாடும்" என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு எதை எடுப்பது, எதை விடுவது என்று யாராலும் முடிவு செய்ய இயலாது. இப்போது இப்படி எழுதிப் பாருங்கள்: "அணை நீரில் ஊர் மூழ்கி நாற்பது ஆண்டுகள் ஆன பின்பும் இம்மக்கள் தங்கள் புதிய குடியிருப்பின் தெருக்களைப் பழைய ஊரின் தெருப்பெயர்களாலேயே அழைக்கிறார்கள்; அந்த ஊரைக் கண்ணால் கண்டிராத பேரப்பிள்ளைகளுக்கு அப்பெயர்கள் எதைக் குறிக்கின்றன?" இதைப் படிக்கும் நடுவருக்கு எந்த இடத்தில், எந்த இரண்டு தலைமுறையினரிடையே நீங்கள் வேலை செய்யப்போகிறீர்கள் என்பது உடனே விளங்கிவிடும்.

கேள்வியோடு அணுகுமுறையையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ராய் டிகராவா 1952ஆம் ஆண்டு, குகன்ஹைம் என்ற அமெரிக்க அறக்கட்டளையின் நல்கைக்கு விண்ணப்பித்தபோது, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழும் கறுப்பின மக்களைப் புகழ்பெற்றவர்கள் வழியாக அன்றி, பெயர் அறியப்படாதவர்கள் வழியாகக் காட்ட விரும்புவதாகவும், தமக்குத் தேவை சமூகவியல் அறிக்கையன்று, படைப்பே என்றும் எழுதினார். நல்கையாகக் கிடைத்த 3,200 டாலரைக் கொண்டு அவர் ஓராண்டு முழுவதும் படமெடுக்க முடிந்தது. அந்த நல்கையைப் பெற்ற முதல் கறுப்பினப் புகைப்படக் கலைஞரும் அவரே. எதைச் செய்யமாட்டேன் என்று அவர் சொன்ன துணிவைத்தான் புதியவர்கள் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: பணம் வருமுன் பழகுங்கள்

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸ் 1942இல் ரோசன்வால்ட் நிதியத்தின் நல்கையுடன் வாஷிங்டன் சென்று, அரசு அலுவலகத்தைத் துப்புரவு செய்த எலா வாட்சன் என்ற பெண்மணியைப் படமெடுத்தார். துடைப்பத்துடன் அவர் நிற்கும் ஒரு படம் உலகப் புகழ் பெற்றது என்றாலும், பார்க்ஸ் அத்துடன் நிறுத்தவில்லை. வாட்சனின் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் தொடர்ந்து சென்று குடும்பத்தினரோடு சேர்த்துப் படங்கள் எடுத்தார். ஒரு முகம் சமூகத்தின் கதையாக விரிவது அப்படித்தான்.

நீங்களும் உங்கள் கைக்காசில் முடிந்த அளவுக்கு நான்கைந்து முறையாவது நீங்கள் படமெடுக்கவிருக்கும் மக்களிடம் போய் வாருங்கள். முதல் முறை கேமராவை வெளியே எடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. வீடுகளில் பழைய குடும்பப் படங்கள் இருந்தால், காட்ட முடியுமா என்று கேளுங்கள். அவற்றை நகலெடுக்க அனுமதி கிடைத்தால் முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பின்பக்கத்தில் ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரை, மங்கிய மையில் ஒரு தேதி, "அக்காவுக்கு" என்று யாரோ எழுதிய ஒற்றைச் சொல் இருக்கும். அந்தப் படம் ஊர் விட்டு ஊர் போனதற்கான சான்று பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது. ஒவ்வொரு நகலுக்கும் உரிமையாளர் பெயர், படத்தில் இருப்பவர், சொன்னவர், நாள் ஆகிய நான்கையும் அன்றிரவே குறித்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்தால் பெயர்கள் குழம்பிவிடும்.

ஒப்புதலையும் இந்தக் கட்டத்திலேயே பேசிவிட வேண்டும். கண்காட்சி, நூல், இணையம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே சம்மதம் கேளுங்கள், ஏனெனில் சுவரில் தம் படம் தொங்குவதற்கு ஒப்புக்கொள்ளும் ஒருவர் இணையத்தில் வருவதை விரும்பாமல் இருக்கலாம்.

மூன்றாம் படி: உங்களுக்குப் பொருந்தும் நல்கையைத் தேர்ந்தெடுங்கள்

நல்கைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. சில, ஏற்கெனவே நீண்ட காலம் பணியாற்றியவர்களுக்கு உரியவை, டபிள்யூ. யூஜின் ஸ்மித் நினைவு நிதியம் 1980 முதல் மனிதநேய ஆவணப் புகைப்படத் துறையில் வழங்கிவரும் நல்கைக்கு ஆழ்ந்த நெடும்பணி எதிர்பார்க்கப்படுகிறது. சில, பணத்துடன் வழிகாட்டுதலையும் தருகின்றன; 2014இல் தொடங்கிய அரபு ஆவணப் புகைப்படத் திட்டம் அவ்வாறானது, ஆனால் அது அரபுப் பகுதியைச் சேர்ந்தவர்களுக்கே உரியது. குகன்ஹைம் நல்கையோ அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் குடிமக்களுக்கும் நிரந்தர வாசிகளுக்கும் மட்டுமே. ஆகவே தகுதி விதிகளை முதலில் படியுங்கள். பிறகு கடந்த ஐந்தாண்டுகளில் அந்த நல்கையைப் பெற்றவர்களின் பணிகளைப் பாருங்கள். தொடக்கநிலைக் கலைஞர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லையென்றால், அந்த முயற்சியைச் சில ஆண்டுகள் தள்ளிவைப்பதே நேரத்தைச் சேமிக்கும்.

நான்காம் படி: மாதிரிப் படங்களை அடுக்குங்கள்

பொதுவாக 10 முதல் 20 படங்கள் கேட்பார்கள். என் முதல் விண்ணப்பத்தில் நான் அனுப்பிய 20 படங்களில் ஏழு, ஒரே முதியவரின் முகம்; ஒவ்வொன்றும் தனித்தனியே நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அவர் வாழ்ந்த தெரு எப்படி இருக்கும் என்பது அந்த இருபதில் எங்குமே இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதில் வியப்பில்லை. இடம், மனிதர், கைவேலை, பொருள், பழைய ஆவணம் என்று படங்கள் மாறி மாறி வரட்டும். படக்குறிப்பு, படத்தில் தெரிவதையே திரும்பச் சொல்லக்கூடாது. "ஒரு மூதாட்டி சாவியுடன்" என்பது வீண், "மூழ்கிய வீட்டின் சாவி, பூட்டு நீருக்கடியில் இருக்கிறது" என்பது குறிப்பு.

ஐந்தாம் படி: செலவுக் கணக்கு

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. பயணம், தங்குமிடம், மொழிபெயர்ப்பாளருக்கான ஊதியம், ஸ்கேன் செய்தல், சேமிப்பு வட்டுகள் இரண்டு, காப்பீடு, அச்சுப்படிகள் என்று ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதி, எத்தனை நாள், எத்தனை பேர், ஓர் அலகுக்கு எவ்வளவு என்று பெருக்கிக் காட்டுங்கள். மொத்தத் தொகையாக "பயணம் 50,000" என்று எழுதினால் அது ஊகம் என்று நடுவர் உடனே கண்டுகொள்வார். உங்கள் ஊதியத்தை விட்டுவிடாதீர்கள்; அதைக் கேட்பது பேராசையன்று. படமெடுக்கும் நாட்களை மட்டும் கணக்கிடுவதும் தவறு. குகன்ஹைம் நல்கையுடன் 1955இல் அமெரிக்கா முழுவதும் பயணத்தைத் தொடங்கிய புகைப்படக் கலைஞர் ராபர்ட் பிராங்க் ஏறத்தாழ 27,000 படங்கள் எடுத்தார், ஆனால் அவற்றிலிருந்து உருவான நூலில் சேர்ந்தவை 83 மட்டுமே. தேர்ந்தெடுப்பதற்கும் நாட்கள் வேண்டும், அந்த நாட்களுக்கும் செலவு உண்டு.

அந்த மக்களுக்குத் திரும்பிச் செல்வது என்ன என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். படம் தந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அச்சுப்படி, அங்கேயே ஒரு நாள் கண்காட்சி ஆகியவை பெருஞ்செலவு பிடிக்காதவை.

ஆறாம் படி: அனுப்புதல்

சொல் வரம்பை மீறாதீர்கள்; கோப்புகளுக்குக் கேட்ட வடிவிலேயே பெயரிடுங்கள்; பரிந்துரைக் கடிதத்தை ஒரு மாதம் முன்பே கேளுங்கள். கடைசி நாளுக்கு இரண்டு நாட்கள் முன்னதாக அனுப்பிவிடுவது நல்லது.

நல்கை கிடைத்து ஒப்பந்தம் வந்தால், கையெழுத்திடுவதற்கு முன் பதிப்புரிமை யாரிடம் இருக்கும் என்ற பிரிவைத் தேடிப் படியுங்கள். நிதி தருபவர் தம் அறிக்கைகளில் சில படங்களைப் பயன்படுத்துவது வழக்கமானதே. எல்லாப் படங்களின் முழு உரிமையும் அவருக்கே என்று இருந்தால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அந்த மக்களின் குடும்பப் படங்களை இரவல் வாங்கித்தான் நகலெடுத்தீர்கள். எழுதிக் கொடுக்கும் உரிமை உங்களிடம் இல்லை.